கண்டியிற் சிறையிருந்த நொக்ஸ்

வரலாற்று நூல்களுள் எதனை முதலிற் படிக்கலாம் என்று மாணவர்கள் என்னிடம் வினவுவதுண்டு. போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் நிரல்படக் கூறும் பெருநூல்களை விடுத்து, ஒரு கப்பலோட்டியின் நூலையே நான் அவர்களுக்குக் காட்டி வந்தேன். 1681ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அச்சேறிய அந்நூல், இலங்கைத்தீவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த முதல் விரிவான நூலெனப் போற்றப்படுவது. அதனை ஆக்கியவர் றொபேட் நொக்ஸ்.

1641இல் இலண்டனிற் பிறந்த நொக்ஸ், இளமையிலேயே தந்தையாருடன் கடலோடத் தொடங்கினார். அதே பெயர் பூண்ட தந்தையார் ‘ஆன்’ என்னும் கப்பலின் தலைவர். 1659ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவின் கிழக்குக் கரையில் எழுந்த புயலிலே கப்பலின் பெரும் பாய்மரம் முறிந்தது. அதனைச் செப்பனிடவும் சிறிது வாணிகம் செய்யவும் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக்குடாவை அடைந்தனர். 1660ஆம் ஆண்டு ஏப்பிரலில், மூதூர்ப் பகுதியிற் புளியமரமொன்றின் கீழ் அமர்ந்திருந்த தந்தையாரை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்படுத்தினர். நொக்ஸும் பிடிபட்டார்.

கப்பலை ஆற்றுக்குள் வரவழைக்குமாறு படைத்தலைவன் கேட்க, தந்தையார் மகனைத் தூதனுப்பினார். கப்பலைக் காப்பாற்றி அனுப்பிவிட்டுத் தம்மிடம் திரும்பிவர வேண்டும் என்பது அவர் இரகசியமாக இட்ட கட்டளை. கப்பலேறிய மகன் அங்கேயே தங்கியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆயினும் பத்தொன்பது வயது நிரம்பிய அவ்விளைஞர் சொன்ன சொற் பிழையாது கரைக்கு மீண்டார். அந்த மீட்சிக்கு அவர் கொடுத்த விலை பத்தொன்பதரை ஆண்டுகள்.

கைதிகளுக்குச் சுவரும் விலங்கும் இருக்கவில்லை. ஊருக்கொருவராகப் பிரித்து வைத்து, ஊரவரே சோறளிக்கும்படி மன்னன் பணித்தான். மலைகளும் காடுகளும் கடவைக் காவலர்களுமே சிறைச்சுவர்களாயின. தந்தையும் மகனும் மட்டும் ஒரே ஊரில் இருந்தனர். இருவரையும் காய்ச்சல் வாட்டியது. 1661ஆம் ஆண்டு பெப்ருவரியில் தந்தையார் உயிர் நீத்தார். உதவி கேட்ட மகனிடம் ஊரவர் மாடு கட்டும் கயிற்றைக் கொணர்ந்து, உடலைக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றனராம். மனம் பொறாத நொக்ஸ், கூலிக்கு ஆள் அமர்த்தித் தந்தையை நல்லடக்கம் செய்தார்.

அவரிடம் எஞ்சியவை இரண்டு பக்தி நூல்களே. அவற்றை மனனமாகும்வரை ஓதினார். பின்பொரு நாள் நீரோடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, கொழும்பைப் போர்த்துக்கேயர் இழந்த காலத்திற் கிடைத்த நூலொன்று தன்னிடம் இருப்பதாக முதியவரொருவர் கூறினார். அது ஆங்கில வேதாகமம். தாம் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். புத்தகத்தின் அருமையை மாணவர்க்கு உணர்த்த வேண்டும்போதெல்லாம் இந்நிகழ்ச்சியே என் நினைவில் எழுகிறது.

தொப்பி பின்னியும், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தும், சுமை வாணிகம் செய்தும் அவர் பிழைத்தார். வாணிகம் வெளிவேடமுமாயிற்று. வடக்கே பண்டம் விற்கச் செல்லும் சாக்கில் வழிகளை அறிந்துகொண்டார். தோழர் பலர் மணம் புரிந்து தங்கிவிட, அவரோ மணஞ் செய்யாது விடுதலையையே எண்ணியிருந்தார். 1679ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஸ்ரீவன் றட்லன்ட் என்னுந் தோழருடன் புறப்பட்டு, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயா வழியே காட்டில் நடந்தார். நம்மவர் அருவி ஆறு என்றழைக்கும் ஆறு அதுவே. ஒக்ரோபர் 18ஆம் நாள் மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலிருந்த ஒல்லாந்தரின் கோட்டையை இருவரும் அடைந்தனர். அப்போது நொக்ஸுக்கு வயது முப்பத்தெட்டு.

அவர் தம் நூலை நாடு திரும்பும் கடற்பயணத்திலே எழுதினார். அறிவியலறிஞர் றொபேட் ஹூக் அதனை வெளியிட உதவி, முகவுரையும் வழங்கினார். நூல் நான்கு பகுதிகளையுடையது. முதலாவது நாட்டின் இயல்பையும், இரண்டாவது மன்னனையும் ஆட்சியையும், மூன்றாவது மக்களின் வாழ்வையும் கூறுவன. தம் சிறைவாழ்வை நான்காவதாகவே வைத்தார். தம் துன்பத்தைப் பின்னுக்குத் தள்ளி, உழவையும் உணவையும் வழக்கங்களையும் முன்வைத்த அந்த அடக்கமே என்னைக் கவர்ந்தது. ஜெர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் நூல் பெயர்க்கப்பட்டது. டானியல் டீபோ 1720இல் எழுதிய நாவலொன்றில் நொக்ஸின் கதையைச் சுருக்கிக் கூறியுள்ளார்.

இவ்வளவில் நின்றிருந்தால் என் மதிப்புக் குறைந்திராது. ஆனால் நொக்ஸ் தம் பிற்கால வாழ்வைத் தம் கையாலேயே எழுதிவைத்திருந்தார். 1911இல் வெளிவந்த பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பற்றலைவராகிய அவர், மடகாஸ்கரில் மனிதரை விலைக்கு வாங்கி, சென்ற் ஹெலேனாத் தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லும் பயணத்தை மேற்கொண்டவர் என்பதை அங்கே படித்தேன். சிறையின் கைப்பை இருபதாண்டளவு சுவைத்த ஒருவர் பிறரைச் சிறையேற்றினார். சில காலம் அந்நூலை எவருக்கும் பரிந்துரையாதிருந்தேன்.

என் மனத்தை மாற்றியவள் மாணவியொருத்தி. நூலகத்திலே தானாகவே அந்நூலை எடுத்துப் படித்தவள், லூசியாவைப் பற்றி என்னிடம் கேட்டாள். லூசியா, சிறைப்பட்ட ஆங்கிலேயரொருவரின் மகள். நொக்ஸ் அவளை வளர்த்தார். தப்பிய பின்னர்க் கடிதமெழுதித் தம் வீட்டையும் நிலத்தையும் அவளுக்கே உரிமையாக்கினார். அந்தக் கையா அடிமைகளையும் வாங்கியது என்பதே மாணவியின் கேள்வி. ஆம், அதே கைதான் என்றேன். அதற்குமேற் சொல்ல என்னிடம் விடையிருக்கவில்லை.

துன்பம் தானாகவே ஒருவனுக்கு இரக்கத்தைக் கற்பித்துவிடாது. இந்தப் பாடத்தை 1681ஆம் ஆண்டு நூல் மட்டும் கற்பிக்கவில்லை. பிற்காலக் குறிப்புகளும் சேர்ந்தே கற்பிக்கின்றன. 1720இல் மறைந்த நொக்ஸ் தம் குறையை மறைக்காமல் எழுதிவைத்தார். அதனைக் குறையென்று அவர் உணர்ந்தாரா என்பது வேறு விடயம். இப்பொழுது மாணவர் கேட்டால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறேன். முதலாவதைப் படித்து அவரை நேசியுங்கள். இரண்டாவதைப் படித்து உங்களையே வினவிக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்புகிறேன்.