உங்க வைஃபை கார்டுக்கும் கொல்கத்தா பேராசிரியருக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த ஜே.சி.போஸ்?

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ புது லேப்டாப் வாங்கப் போனால், வைஃபை 6, 6இ, 7 என்று கடைக்காரர் அடுக்குவார். எதை எடுப்பது? இதே மாதிரி ஒரு தேர்வை 130 வருஷத்துக்கு முன்பே செய்தவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

யார் இவர்?

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ஐரோப்பிய பேராசிரியர்களைவிட குறைந்த சம்பளம். மூணு வருஷம் அதைத் தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் முழு பாக்கியும் வந்து சேர்ந்தது.

வயர் இல்லாமல் அடித்த மணி

பெரிய லேப் கிடையாது. சின்ன அறையும், உள்ளூர் தகரத் தொழிலாளியின் கைவேலையும்தான். அதை வைத்தே 5 மில்லிமீட்டர் அலைகளை உருவாக்கினார். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ்! 1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில், வயரே இல்லாமல் மணியை அடித்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார்.

மார்க்கோனிக்கு வேண்டியது தூரம். நீள அலைகளை எடுத்தார். போஸுக்கு வேண்டியது மேஜையில் அடங்கும் கருவி. குட்டை அலைகளை எடுத்தார்.

காப்புரிமையில் அவருக்கு ஆர்வமே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தி 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பிக்க வைத்தார்கள், 1904-ல் கிடைத்தது. அதை வைத்து அவர் காசு பார்க்கவில்லை. 1917-ல் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் மறைந்தார். வைஃபைக்குத் தரநிலை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு, 2012-ல் அவருடைய மில்லிமீட்டர் அலை சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அங்கீகரித்தது.

சரி, எந்த கார்டு?

போஸ் முன்னால் இருந்த அதே கேள்விதான்: தூரமா, வேகமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5, 6 கிகாஹெர்ட்ஸ் வேகமானவை, சுவர் வந்தால் திணறும். ரூட்டர் அடுத்த ரூமில் இருந்தால், 6இ கார்டு போட்டும் பெரிய பலன் இருக்காது. ரூட்டரே 6 கிகாஹெர்ட்ஸ் தராவிட்டால், கூடுதல் காசு வேஸ்ட்.

இன்னொன்று: இன்டெல் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 211 அதற்கேற்ற இன்டெல் லேப்டாப்பில் மட்டுமே ஓடும். ஏஎம்டி லேப்டாப் என்றால் 210 பாருங்க. சில மாடல்களில் கார்டு போர்டோடு சால்டர் ஆகியிருக்கும். பிறகு மாற்றவே முடியாது. காசு கொடுக்கும் முன் இதைக் கேட்டுடுங்க.