பிடி அரிசியில் படித்தவர்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் நம்மிடம் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. நம் பங்குப் பள்ளியில் படித்துவிட்டு இன்று சென்னை, பெங்களூர், வளைகுடா நாடுகள் என்று சிதறி வாழும் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, புதிதாகச் சேரும் ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தர முன்வந்திருப்பதைப் பங்கு மக்கள் அனைவரும் அறிவீர்கள். அந்தத் தொகையை எந்தப் பிள்ளைக்குத் தருவது என்று பேசக் கூடிய மாலையில், நல்ல மனிதர்களுக்குள்ளேயே குரல் சற்று உயர்ந்ததைச் சிலர்தான் அறிவீர்கள். மதிப்பெண்ணைப் பார்த்துத் தர வேண்டும் என்றனர் ஒரு சாரார். வீட்டு அடுப்பைப் பார்த்துத் தர வேண்டும் என்றனர் மறு சாரார். இரு தரப்பையும் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருந்த நமக்கு, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒருவர் நினைவுக்கு வந்தார். நெய்வேலியில் குடியிருக்கும் எவரும் மறக்கக் கூடாதவர் அவர். பெருந்தலைவர் காமராசர்.

அவர் பிறந்தது 15-7-1903 அன்று, பின்னாளில் விருதுநகர் என்று பெயர் பெற்ற விருதுபட்டியில். தந்தையார் குமாரசாமி நாடார், தாயார் சிவகாமி அம்மையார். நாகம்மாள் என்று ஒரு தங்கை. அக்காலத்தில் நாடார் மக்கள் பல ஊர்களில் கோயிலுக்குள் நுழையவும் தடை இருந்தது. பட்ட அவமானங்கள் கொஞ்சமல்ல. விருதுபட்டி வியாபாரிகள் அதற்குக் கண்ட வழிகளில் ஒன்று பள்ளிக்கூடம். கடைக்கு வந்து போகும் சரக்கின் மீது மகமை என்று ஒரு சிறு தொகையை எடுத்து வைத்துப் பொதுக் காரியங்களை நடத்தினார்கள். வீட்டுப் பெண்களோ உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். பானை நிறைந்ததும் அது பள்ளிக்குப் போகும். நம் பங்குகளிலும் தாய்மார்கள் பிடி அரிசி ஒதுக்கிக் கோயிலுக்கும் ஏழைகளுக்கும் தந்த வழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்படி ஊரார் சேர்த்த மகமையிலும் பிடி அரிசியிலும் நடந்ததுதான் க்ஷத்திரிய வித்தியாசாலை. திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்தபின் சிறுவன் காமராசர் சேர்ந்தது அங்கேதான். சம்பளம் இல்லாத படிப்பு.

இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காமராசருக்கு ஆறு வயதாகும்போதே தந்தையார் காலமானார். சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, மாதந்தோறும் வந்த வட்டியில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். பையன் ஆறாம் வகுப்பு வரை போனான். அதற்குமேல் வீடு தாங்கவில்லை. ஏறத்தாழப் பதினோரு, பன்னிரண்டு வயதில் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் அளவுகோலைப் பிடிக்கும் வேலைக்குப் போனான். பள்ளி ஒரு காசும் கேட்கவில்லை. கேட்டது வீட்டின் வயிறு. சம்பளத்தை மட்டும் தள்ளிவிட்டால் ஏழைப் பிள்ளை படித்துவிடும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு என்பதைக் காமராசர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அவருடைய அரசியல் வாழ்வை இங்கே விரிக்கப் போவதில்லை. அதற்குப் பெரிய நூல்கள் இருக்கின்றன. ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி கேட்டுக் கொதித்துக் காங்கிரசுக்கு வந்த இளைஞர்களில் அவரும் ஒருவர். 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி வங்காளத்து அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். வெவ்வேறு காலங்களில் அவர் சிறையில் கழித்தது மொத்தம் ஒன்பது ஆண்டுகள் அளவுக்கு வரும். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில்தான் தொடர்ந்தார். தீரர் சத்தியமூர்த்தியைக் குருவாகக் கொண்டார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

13-4-1954 அன்று சென்னை மாகாண முதலமைச்சரானார். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்துக் கல்வித் துறையைக் கொடுத்தார். இது அவர் குணத்தைக் காட்டும். பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று முந்தைய ஆட்சி 1953-ல் கொண்டுவந்த திட்டத்தை அந்த ஆண்டே நீக்கினார். பள்ளி இல்லாத சிற்றூர்களுக்குப் பள்ளி வந்தது. ஓராசிரியர் பள்ளியானாலும் சரி என்று தொடங்கினார்கள்.

பள்ளியைத் திறந்தாயிற்று, பிள்ளைகள் வர வேண்டுமே. ஆடு மாடு மேய்க்கப் போனால் அரைவயிற்றுக் கஞ்சியாவது கிடைக்கும். பள்ளிக்கு வந்தால் அதுவும் கிடையாது. பள்ளியில் மதியச் சோறு என்பது முற்றிலும் புதியதல்ல. 1920-லேயே சென்னை மாநகராட்சி, சர். பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளி ஒன்றில் செய்து பார்த்திருக்கிறது. ஆனால் மாகாணம் முழுவதும் என்றபோது, பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி முன்னே வந்து நின்றது. காமராசரும், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவும் அரசுக் கஜானாவுக்காகக் காத்திருக்கவில்லை. 1956-ல் ஊராரைக் கேட்டே தொடங்கினார்கள். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு, ஒரு தோட்டத்தில் காய்கறி, விறகு. விருதுபட்டிப் பெண்களின் பிடி அரிசிப் பானை மாகாணம் முழுவதும் அடுப்பேறியது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. அடுத்த ஆண்டு முதல் அரசும் பங்கு தந்தது: செலவில் நூற்றுக்கு 60 அரசுடையது, 40 ஊராருடையது. முழுவதும் அரசே தந்திருந்தால் ஊருக்கு அந்தச் சோற்றின் மீது அத்தனை அக்கறை இருந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே.

அடுத்து வந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். முதல் மாநாடு 1958-ல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் கூடியது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று முதலில் பட்டியல் எழுதுவார்கள். கூரை ஒழுகுகிறதா, கரும்பலகை உண்டா, குடிதண்ணீர் உண்டா, பிள்ளைகள் உட்காரப் பலகை உண்டா என்று பார்த்து எழுதுவது. பிறகு அந்தப் பட்டியலோடு ஊராரிடம் போவது. அப்பள்ளியில் படித்து வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர், கடை வைத்தவர், மிராசுதார், கையெழுத்துப் போடத் தெரியாத விவசாயி என்று யாரும் விலக்கல்ல. சிலர் நிலம் தந்தார்கள், சிலர் அறை கட்டித் தந்தார்கள். ஒன்றும் முடியாதவர் ஒரு மணியோ ஒரு வாளியோ வாங்கித் தந்தார். உடலுழைப்பைத் தந்தவர்களும் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும் வழக்கம் பரவியதும் இந்த இயக்கத்தில்தான். முதலமைச்சரே பல மாநாடுகளுக்கு நேரில் வந்தார். சில ஆண்டுகளுக்குள் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புக்குப் பள்ளிகளுக்கு நன்கொடை சேர்ந்தது. அந்நாளைய கோடி என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த இயக்கம் தர்மம் கேட்கவில்லை, கடனைத் திருப்பிக் கேட்டது என்றே நாம் புரிந்துகொள்கிறோம். படித்தவன் யாராயினும் பிறர் காசில் படித்தவனே. அப்பா கட்டிய சம்பளத்தில் படித்தேன் என்று நம்மில் பலர் சொல்லலாம். அந்தச் சம்பளத்தில் ஆசிரியரின் ஊதியத்தில் பாதி கூடத் தேறியிராது. காமராசர் தம் பழைய பள்ளிக்கு எழுதிக் கொடுக்கச் சொத்து சேர்த்தவர் அல்லர். ஆனால் பள்ளிகளுக்காகப் பிறரிடம் கேட்பதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

நமது ஊர்க் கதையும் இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருநிறப் பொருள் வெளிப்பட்டது 1930-களில். மண்ணுக்கடியில் இருந்த அந்த நிலக்கரி தொழிலாக மாறக் காமராசர் டில்லியை விடாது வற்புறுத்த வேண்டியிருந்தது. 14-11-1956 அன்று நிறுவனம் பதிவாயிற்று. 20-5-1957 அன்று பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டு மின்சாரம் வந்தது. சுரங்கத்துக்காகத் தங்கள் கிராமங்களையும் முந்திரித் தோப்புகளையும் விட்டுப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் படிக்கிறார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

2-10-1963 அன்று தாமாகவே பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போனார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகி, நேருவுக்குப் பின் இரண்டு பிரதமர்கள் வருவதற்குத் துணை நின்றார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். அவரை வென்ற பெ. சீனிவாசன் ஒரு மாணவர் தலைவர். பள்ளிகளைத் திறந்து வைத்தவரைப் பள்ளி முடித்த தலைமுறை வீட்டுக்கு அனுப்பியது என்று அன்று பலர் வருந்தினார்கள். படித்தவன் தன் விருப்பப்படி வாக்களிக்கத்தானே செய்வான் என்று நமக்குத் தோன்றுகிறது. 1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2-10-1975, காந்தி பிறந்த நாளன்று, சென்னையில் தம் வாடகை வீட்டில் காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. அவர் பிறந்த நாளைத் தமிழக அரசு 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடி வருகிறது. அன்று நம் பிள்ளைகள் கட்டுரைப் போட்டியில் அவரைப் பற்றி எழுதிப் பரிசு வாங்குகிறார்கள்.

இனி நம் உதவித்தொகை விவகாரத்துக்கு வருவோம். அடுத்த கூட்டத்தில் இந்தக் கதையை நாம் எழுந்து சொன்னோம். மதிப்பெண் வேண்டும் என்ற அன்பர், அப்படியானால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு என்ன ஊக்கம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இறுதியில், பள்ளிச் சம்பளத்தோடு சீருடை, நோட்டுப் புத்தகம், பஸ் செலவு ஆகியவற்றையும் தொகையில் சேர்ப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் அடிக்கடி வராமல் போகும் பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து எழுதித் தரும்படி தலைமை ஆசிரியையைக் கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பத் தாளில் மதிப்பெண்ணுக்கென்று விட்ட கட்டத்தை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்பது, இம்மலர் அச்சுக்குப் போகும் வரை முடிவாகவில்லை.