நர்ஸுகளுக்கு வழிகாட்டிய நைட்டிங்கேல் அம்மையார்

கையில் விளக்குடன் நோயாளிகளைச் சுற்றி வந்த மங்கை என்றே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை உலகம் அறியும். அவர் விளக்கேந்திய காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை. தலைமை என்றால் என்ன என்று நர்ஸுகளுக்குக் கற்றுக் கொடுத்ததோ வாழ்நாள் முழுவதும்.

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் நர்ஸ் வேலைக்கு மதிப்பில்லை. வீட்டார் தடுத்தும் கேளாமல் 1851-ல் ஜெர்மனி சென்று பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 நர்ஸுகளுடன் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். டாக்டர்கள் முகம் கொடுக்கவில்லை. மந்திரி தந்த நியமன உத்தரவு கையில் இருந்தும் அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. டாக்டர்கள் அழைக்காமல் யாரும் வார்டுக்குள் போகக் கூடாது என்று தம் நர்ஸுகளைத் தடுத்துத் துணி தைக்க வைத்தார். அவர்களுக்கு ஆத்திரம். சில நாட்களில் காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்ததும், டாக்டர்களே உதவி கேட்டு வந்தனர்.

கிடங்கில் சாமான் இருக்கும். விதிப்படி அனுமதி கிடைக்காமல் வெளியே வராது. சிப்பாய்கள் குளிரில் நடுங்கினார்கள். அம்மையார் நன்கொடைப் பணத்தில் வேண்டியதை வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சிப்பாய்களின் மனைவியரைக் கொண்டு துணி வெளுக்க ஏற்பாடு செய்தார்.

அப்படியும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. ஜூனில் அது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

போர் முடிந்ததும் புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பாருடன் கணக்குகளை ஆராய்ந்தார். காயத்தைவிட நோயால் இறந்தவர்களே அதிகம் என்று தெரிந்தது. தாம் பணியாற்றிய ஸ்குட்டாரியின் கேட்டையும் அவர் மூடி மறைக்கவில்லை. விவரமாக எழுதி, அச்சிட்டு, பொறுப்பில் இருந்தவர்களுக்கு அனுப்பினார். நாடே தம்மைப் புகழ்ந்த நேரத்தில் அதைச் செய்ய மனத்துணிவு வேண்டும்.

1859-ல் வெளியிட்ட நூலில், பொறுப்பாளர் அருகில் இருக்கும்போது வேலை நடந்தால் போதாது, அவர் இல்லாத வேளையிலும் நடக்க வழி செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதற்குள் அவரோ நோயாளியாகி அறைக்குள் முடங்கிவிட்டார். இருந்தும் கடிதங்கள் மூலமே பல ஊர் நர்ஸுகளுக்கு யோசனையும் தைரியமும் சொல்லி வந்தார். அங்கே பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 1865-ல் லிவர்பூல் ஏழைகள் விடுதி ஆஸ்பத்திரியின் தலைமையை ஏற்றார். 1868-ல் டைபஸ் காய்ச்சலுக்குப் பலியானார். அதே ஆண்டு லூசி ஆஸ்பர்ன் ஐந்து நர்ஸுகளுடன் சிட்னி சென்று பணியைத் தொடங்கினார்.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில், அம்மையார் காலமானார். அவரது கல்லறையில் முழுப் பெயர் இல்லை. முதலெழுத்துக்கள் மட்டுமே உள்ளன. அவர் பிறந்த நாளே இன்று சர்வதேச நர்ஸுகள் தினம்.