தீர்வைக் கணக்கை ஒழுங்கு செய்த தாமஸ் மன்றோ

வாளேந்தி நாடு பிடித்தவர் பலர். பிடித்த நாட்டின் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தவர் மிகச் சிலர். முன்னவர்களின் பெயர் போர்க்களங்களில் நின்று விடுகிறது. பின்னவர்களின் பெயரோ ஊர்க் கணக்குப்பிள்ளையின் பெட்டிக்குள் அடங்கி விடுகிறது. இவ்விரு வகையிலும் ஒருங்கே சேர்ந்தவர் சர் தாமஸ் மன்றோ.

சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடல் அருகே குதிரைமேல் வீற்றிருக்கும் அவருடைய சிலையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அங்கவடி இல்லாத குதிரை என்று வியந்து பேசி நகர்ந்து விடுகிறோம். அவர் ஏழாண்டுக் காலம் நம் சேலம், தருமபுரிச் சீமையில் நிலவரி வேலை பார்த்தவர் என்பதையும், அவ்வேலைக்கும் இன்று நாம் வகுப்பில் பயிலும் கணிப்பொறித் தரவுத்தளப் பாடத்திற்கும் நெருங்கிய உறவுண்டு என்பதையும் நினைப்பவர் குறைவு. அவ்வுறவை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

ஸ்காத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் மன்றோ பிறந்தார். தந்தையார் அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். இளமையில் கண்ட அம்மை நோயால் மன்றோவுக்குக் காது சற்று மந்தமாயிற்று. கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் கணிதத்திலும் வேதியியலிலும் அவர் மனம் ஈடுபட்டது. டான் குவிக்சாட் என்னும் கதையை மூலமொழியிலேயே படிக்க வேண்டும் என்பதற்காக ஸ்பானிய மொழியைத் தாமே கற்றார் என்றால் அவருடைய ஊக்கத்தை அளந்து கொள்ளலாம்.

படிப்பிற்குப் பின் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கறையில் எழுத்தராக அமர்ந்தார். வரவும் செலவும் பேரேட்டில் ஏறும் முறையை அங்கே கற்றார். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. தந்தையின் வாணிகம் நொடித்தது. குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில் கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் சேர்ந்து, 1780 சனவரியில் சென்னைக் கரையில் இறங்கினார். ஐதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நடந்த போர்களில் அவர் படைவீரர். கூடாரத்தில் இருந்தபடியே பாரசீகம் கற்றார். அம்மொழிக் கையெழுத்துப் படி ஒன்றிலிருந்து, கடனுக்கு ஈடாக உடலின் தசையைக் கேட்ட கதையை அவர் பெயர்த்து அனுப்ப, அது ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சியாளர் மலோனின் பதிப்பில் இடம் பெற்றது. கடனும் கணக்கும் மனிதனை எப்படி வாட்டும் என்பது அவர் கருத்தில் முன்பே பதிந்திருந்தது போலும்!

பாராமகாலில் ஏழாண்டு

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலம் சீமையும் கும்பினியின் கைக்கு வந்தன. ஏற்காடும் மாரமங்கலமும் அமைந்த சேர்வராயன் மலையும் அச்சீமையைச் சேர்ந்ததே. இதன் நிருவாகம் காப்டன் அலெக்சாந்தர் ரீடு என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாக நின்ற படை அதிகாரிகள் மூவருள் ஒருவர் மன்றோ. அவர் தருமபுரியில் தங்கினார். அங்கே ஒரு தோட்டம் அமைத்து ஆசையோடு பேணினார். 1799-இல் கன்னடக் கடற்கரைச் சீமைக்கு மாற்றப்பட்டபோது அத்தோட்டத்தைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை.

அன்றைய வரிவசூல் எவ்வாறு இருந்தது? பல இடங்களில் ஊர் முழுவதற்கும் ஒரே தொகை விதிக்கப்படும். அதைக் குடிகளுக்குப் பங்கிடுவோர் ஊர்த் தலைவரும் குத்தகைதாரரும். யார் எவ்வளவு நிலம் உழுகிறார், அவர்மேல் விழுந்தது எவ்வளவு என்பது மேலிடத்திற்குத் தெரியாது. வலியவன் நிலத்துத் தீர்வை எளியவன் தலையில் ஏறினாலும் மொத்தத் தொகை சரியாகவே இருக்கும். மொத்தம் சரியாக இருக்க, உள்ளே அநீதி ஒளிந்திருக்கும் கணக்கு அது.

ரீடும் அவர் துணைவர்களும் இதை மாற்ற முற்பட்டனர். ஊரை விட்டுப் புலத்தைப் பிடித்தனர். ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டது; அதற்குத் தீர்வை குறிக்கப்பட்டது; அரசு நேரே உழவனோடு ஏற்பாடு செய்து கொண்டது. 1796-இல் ரீடு வெளியிட்ட அறிக்கையின் பின், உழவன் ஆண்டுதோறும் தன்னால் இயன்ற புலங்களை வைத்துக் கொள்ளலாம், இயலாதவற்றை விட்டு விடலாம் என்றாயிற்று. இதுவே பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை. தொடங்கியவர் ரீடு, வளர்த்து நிலைநிறுத்தியவர் மன்றோ.

புலம் வேறு, குடி வேறு

1800-இல் நிசாம் விட்டுக் கொடுத்த பல்லாரி, கடப்பைச் சீமைகளுக்கு மன்றோ கலெக்டரானார். 1807 வரை அங்கே இருந்தார். பெரும்பொழுது கூடாரத்திலேயே கழிந்தது. அங்கே நடத்திய அளவையில் முப்பத்து மூன்று அடிச் சங்கிலி கொண்டு புலங்கள் அளக்கப்பட்டன. அச்சங்கிலியின் ஒரு சதுரம் நாற்பது கொண்டது ஓர் ஏக்கர். ஒவ்வொரு புலத்திற்கும் எண் கொடுக்கப்பட்டது. அளந்தவர் ஒருவர், அதைச் சரிபார்த்தவர் மற்றொருவர். பின்னர் ஊர்த் தலைவர், கர்ணம், குடிகள் ஆகியோர் முன்னிலையில் நிலத்தின் தரம் பிரிக்கப்பட்டது. தரத்திற்கேற்பத் தீர்வை கட்டப்பட்டது.

இதிலுள்ள நுட்பத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும். புலத்தின் பரப்பும் தரமும் நிலையானவை. அதை உழும் குடியோ ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். நிலையானதையும் மாறுவதையும் ஒரே வரியில் எழுதினால் என்ன ஆகும்?

மாரமங்கலத்தில் ஒரு குடியானவரிடம் ஐந்து புலங்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஆண்டு, குடியின் பெயர், தந்தை பெயர், புல எண், பரப்பு, தரம், ஏக்கர்த் தீர்வை, மொத்தம் ஆகிய அனைத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதுகிறோம். பத்தாண்டில் அவர் பெயர் ஐம்பது வரிகளில் ஏறிவிடும். ஒரு புலத்தின் பரப்புத் தவறு என்று பின்னர் தெரிந்தால் பத்து வரிகளைத் திருத்த வேண்டும். ஒன்பதைத் திருத்தி ஒன்றை மறந்தால், ஒரே புலத்திற்கு இரண்டு பரப்பு! இது முதல் கேடு. யாரும் உழாத தரிசை அளந்தோமானால், குடியின் பெயர் இல்லாமையால் அதை எழுத வரியே இல்லை. இது இரண்டாம் கேடு. ஒரு புலத்தை உழுத ஒரே குடி ஊரைவிட்டுப் போக, அவர் வரியை அடித்து விட்டால், அப்புலத்தின் பரப்பும் தரமும் அதனோடு மறைந்து போகும். இது மூன்றாம் கேடு.

புல எண்ணை அடிப்படையாகக் கொண்ட கணக்கு இக்கேடுகளை நீக்குகிறது. தரிசுக்கும் எண் உண்டு; குடி போனாலும் எண் நிற்கும்.

காட் கூறிய விதி

இதே உண்மையைக் கணித மொழியில் வகுத்துக் கொடுத்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். இவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியவர், 2003-இல் மறைந்தார். 1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே தொடர்புசார் தரவுத்தளம் என்னும் துறை பிறந்தது. மன்றோவின் கணக்கைக் காட் படித்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே இடர்ப்பாடு இருவரையும் ஒரே திசையில் செலுத்தியது என்பதே நம் கருத்து.

காட் வகுத்த படிகளை நம் தீர்வைக் கணக்கிலேயே காணலாம். முதற்படி, ஒரு கட்டத்தில் ஒரு செய்தியே இருக்க வேண்டும்; ஒரே கட்டத்தில் ஐந்து புல எண்களை அடுக்கலாகாது. இரண்டாம் படி, ஒரு வரியை அடையாளம் காட்டும் சாவி இரண்டு கூறு உடையதாயின், மற்றச் செய்திகள் அச்சாவி முழுவதையும் சார்ந்திருக்க வேண்டும். ஆண்டும் புல எண்ணும் சேர்ந்தது சாவி எனின், பரப்பு புல எண்ணை மட்டுமே சார்ந்தது. ஆகவே அது தனி அட்டவணைக்குப் போக வேண்டும். மூன்றாம் படி, சாவியல்லாத ஒரு செய்தி சாவியல்லாத மற்றொன்றைச் சார்ந்திருத்தல் ஆகாது. ஏக்கர்த் தீர்வை நிலத்தின் தரத்தைச் சார்ந்ததாயின், அதற்கும் தனி அட்டவணை வேண்டும்.

ஆக, புல அட்டவணை, தரத் தீர்வை அட்டவணை, குடி அட்டவணை, எந்த ஆண்டில் எந்தப் புலம் எந்தக் குடியிடம் என்று காட்டும் அட்டவணை, பணம் செலுத்திய இரசீது அட்டவணை என ஐந்தாகக் கணக்குப் பிரிகிறது. ஒவ்வொரு செய்தியும் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். மொத்தத் தொகையைத் தனியே எழுதி வைக்க வேண்டுவதில்லை. கேட்கும்போது பெருக்கிக் கூட்டிக் கொள்ளலாம்.

இன்று மின் கட்டணம் எழுதுவோர்க்கும் இதுவே வழி. மாரமங்கலத்து வீடு ஒன்று கைமாறினாலும் மின் இணைப்பு எண் மாறுவதில்லை. இணைப்பு என்பது புலம், வீட்டுக்காரர் குடி, அலகு விலை தரத் தீர்வை.

கால்பங்குக் குறைப்பு

பட்டியல் எழுதுவோர் மறக்கலாகாத ஒன்று உண்டு. அதற்கும் மன்றோவின் வாழ்வே சான்று. தாம் கட்டிய தீர்வை மிகுதி என்பதை அவரே உணர்ந்தார். அதில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று 1807-இல் எழுதினார். மேலிடம் இணங்கவில்லை. அவர் தாயகம் சென்றார், நாடாளுமன்றத்தின் முன் சாட்சியம் அளித்தார், 1814-இல் திரும்பினார். இதற்கு முன்பே சேலம் உட்படப் பல சீமைகளில் நிலம் மிட்டா மிட்டாவாக ஏலம் போயிற்று. மிட்டாதார் பலர் கட்ட முடியாது முறிந்தனர். 1820-இல் மன்றோ சென்னையின் ஆளுநரானார். ரயத்துவாரி முறை மாகாணத்தின் பொதுமுறையாயிற்று. தாம் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கேட்ட கால்பங்குக் குறைப்பையும் தம் கையாலேயே கொடுத்தார்.

விகிதம் மாறும்போது கணக்கு எப்படி நிற்க வேண்டும்? நான்கு ஏக்கர்ப் புலத்திற்கு ஏக்கருக்கு 2 ரூபாய் என்றால் தீர்வை 8 ரூபாய். கால்பங்கு குறைந்தால் 6 ரூபாய். பழைய விகிதத்தை அழித்து அதன்மேல் புதியதை எழுதி விட்டால், சென்ற ஆண்டுக் கணக்கும் 6 ரூபாய் என்றே காட்டும். அன்று 8 ரூபாய் கட்டியவர் 2 ரூபாய் கூடுதலாகக் கட்டியவராகத் தோன்றுவார். விகிதம் உயர்ந்தாலோ நிலைமை இன்னும் கொடியது. கட்டி முடித்தவர் பாக்கிக்காரர் ஆகிவிடுவார். ஜப்தி ஆள் அவர் வாசலில் நிற்பான்! ஆகவே விகித அட்டவணையில் எந்நாள் முதல் எந்நாள் வரை என்பதையும் எழுதுதல் வேண்டும். ஒரு செய்தியை ஓரிடத்தில் எழுது என்பதற்கு, அதன் வரலாற்றை அழி என்பது பொருளன்று. சென்ற ஆண்டு விகிதமும் இந்த ஆண்டு விகிதமும் இரண்டு வேறு செய்திகள்.

ஆளுநர் மன்றோ

ஆளுநரான பின்னும் அட்டவணையின்மேல் அவருக்கிருந்த பற்றுக் குறையவில்லை. நாட்டுப் பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயில்வோர் யார் யார் என்று 1822-இல் எல்லாக் கலெக்டர்களையும் கேட்டார். பதில்கள் தாறுமாறாக வராதிருக்க ஒரே மாதிரிப் படிவம் அனுப்பப்பட்டது. ஒரு கோடியே 28 இலட்சத்துச் சொச்சம் மக்கட்கு 12,498 பள்ளிகள் உண்டென்று 1826-இல் தொகை கண்டார். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஆங்கிலேயர் வருமுன் நம் நாட்டில் கல்வி எவ்வாறிருந்தது என்று ஆராய்வோர் இன்றும் அவ்வட்டவணைகளையே புரட்டுகின்றனர். இதே காலத்தில்தான் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை நட்டு வளர்த்தார்.

பதவியைத் துறந்து தாயகம் திரும்ப இருந்த நேரத்தில், தாம் முன்பு ஆண்ட சீமையை ஒருமுறை காணப் புறப்பட்டார் மன்றோ. வழியில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு 1827 சூலை 6-ஆம் நாள் உயிர் நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் பின்னர்ச் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மேரி தேவாலயத்திற்குக் கொண்டு வரப்பட்டது.

கணக்கின் எல்லை

மன்றோவைத் தெய்வமாக்குதல் நம் நோக்கமன்று. அவர் அந்நிய ஆட்சியின் ஊழியர். அவர் கட்டிய தீர்வை இந்நாட்டு உழவனின் வியர்வையிலிருந்து வந்தது. அவர் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தபின், வரி பாக்கிக்காக உழவர்களை வருவாய்த்துறைச் சேவகர்கள் சித்திரவதை செய்ததை 1855-இல் விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அட்டவணை நன்றாக இருந்தும் அடி விழுந்தது. புலத்தைப் பிழையின்றி எழுதும் ஏடு, விதித்த தொகை நியாயமானதா என்பதைச் சொல்லாது. அதை மனிதனே கேட்க வேண்டும். தாம் விதித்ததே மிகுதி என்று எழுத்தில் சொன்ன இடத்தில்தான் மன்றோ மற்ற அதிகாரிகளினின்றும் உயர்ந்து நிற்கிறார்.

கர்ணம், மணியக்காரர் பரம்பரைப் பதவிகளை 1980-இல் தமிழக அரசு ஒழித்து விட்டது. சிட்டாவும் அடங்கலும் இன்று கணிப்பொறியில் ஏறிவிட்டன. ஏடு மாறியது, எழுதுவோர் மாறினர், புலம் வேறு, குடி வேறு என்னும் அடிப்படை மட்டும் மாறவில்லை.

மாணவத் தோழர்களே! நாளை நம்மில் சிலர் மின் கட்டணத்திற்கோ, குடிநீர் வரிக்கோ, கூட்டுறவுச் சங்கத்திற்கோ அட்டவணை வகுக்கப் போகிறோம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருக்கிறது. கட்டியவரைக் கட்டாதவராகக் காட்டும் கணக்கு, வெறும் பிழையன்று, ஒரு கொடுமை. ஒரு செய்தியை ஓரிடத்தில் எழுதுவோம், பழையதை அழிக்காதிருப்போம், எழுதிய தொகை நியாயந்தானா என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். அந்தக் கேள்வியே மன்றோவின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடம்.