அழைப்பை அளந்த ஆசிரியர்
ஆக்னர் குராருப் ஏர்லாங்கின் வாழ்க்கை வரலாறு

மின்னோட்டத்தை அம்பியரிலும், மின்னழுத்தத்தை உவோற்றிலும், விசையை நியூற்றனிலும் அளத்தலை எமது மாணவர் அறிவர். இவை யாவும் அறிஞர் பெயரால் அமைந்த அலகுகள். தொலைபேசி வழிகளில் நிகழும் உரையாடற் போக்குவரவை அளத்தற்கும் அவ்வாறே ஓர் அலகு உண்டு. அஃது ஏர்லாங் எனப்படும். தொலைத்தொடர்புத் துறையிற் கடமையாற்றும் எம் பழைய மாணவர்க்கு இச்சொல் நாளாந்தம் பழகிய சொல்லாகும். எனினும், அப்பெயருக்குரியார் ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியரின் மைந்தர் என்பதையும், தாமும் ஏழாண்டுகள் ஆசிரியராய் இருந்தவர் என்பதையும் அறிந்தார் சிலரே. ஆகலின் அன்னாரின் வரலாற்றை இவ்விழா மலரில் எடுத்துரைத்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுமென எண்ணி இதனை வரையத் துணிந்தோம்.

ஆக்னர் குராருப் ஏர்லாங் 1878 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி, டென்மார்க் தேசத்தின் யூற்லாந்துக் குடாநாட்டிலே லொன்போர்க் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். யூற்லாந்து என்னும் பெயர் இன்று யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1980களிலிருந்து எம்மவர் பலர் ஏதிலிகளாய்ச் சென்று புகலடைந்து வாழும் மண் அதுவேயாம். ஹேர்னிங் நகரிலே சித்திவிநாயகருக்கும், பிறான்டே ஊரிலே அபிராமி அம்பாளுக்கும் அவர்கள் ஆலயம் அமைத்து வழிபடுகின்றனர். ஒரு குடாநாட்டிலிருந்து மற்றொரு குடாநாட்டிற்கு நாள்தோறும் செல்லும் அழைப்புகள் எத்தனையோ. அவ்வழைப்புகளைக் கணித்தற்குரிய அறிவை முதன்முதல் முறைப்பட வகுத்தவர் அந்த யூற்லாந்தின் பிள்ளையாய் அமைந்தமை எமக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

தந்தையார் ஹான்ஸ் நீல்சன் ஏர்லாங் அவ்வூர்ப் பாடசாலை ஆசிரியராகவும் தேவாலயப் பணியாளராகவும் விளங்கினார். தாயார் மக்தலேன் குராருப், சமயகுருமார் பலரைத் தந்த குடும்பத்தவர். தான்சன், சீக்கன் என்னுந் திரிகோணகணிதப் பெயர்களை 1583 ஆம் ஆண்டில் வழக்கிற் கொணர்ந்த தோமாஸ் பிங்கே என்னுங் கணித அறிஞர் அவ்வம்மையாரின் முன்னோருள் ஒருவர். ஏர்லாங்கிற்கு ஒரு தமையனாரும் இரு தங்கையரும் இருந்தனர். மாலை வேளைகளில் தமையனார் நூலை விரித்து வாசிக்க, எதிரே அமர்ந்திருந்த சிறுவர் அந்நூலைத் தலைகீழாகவே வாசித்துப் பழகினார் என்பர். வானநூலில் அவருக்கு இளமையிலேயே விருப்பம் மிகுந்திருந்தது.

பதினான்காம் வயதிற் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் நடாத்திய தொடக்கப் பரீட்சைக்குத் தோற்றினார். வயது போதாமையால் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. எனினும் சிறப்புச் சித்தி எய்தினார். பின்னர் ஊருக்கு மீண்டு, தந்தையாரின் பாடசாலையிலேயே இரண்டாண்டுகள் உதவி ஆசிரியராய் இருந்தார். ஆசிரியரின் வருவாயைக் கொண்டு மைந்தரைத் தலைநகரில் வைத்துப் படிப்பித்தல் எளிதன்று. தூரத்து உறவினர் ஒருவர் உணவும் உறையுளும் அளித்து ஆதரித்தார். 1896 இற் புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகம் புகுந்து, கணிதத்தைச் சிறப்புப் பாடமாகவும் வானியல், பௌதிகம், இரசாயனம் என்பவற்றைத் துணைப் பாடங்களாகவும் பயின்று, 1901 இற் பட்டம் பெற்றார். அதன்பின் ஏழாண்டுகள் பல பாடசாலைகளிற் கற்பித்தார். கற்பிக்குந் திறன் அவரிடம் நிரம்பவிருந்தும், உள்ளம் ஆராய்ச்சியையே நாடிற்று. பாடசாலைக் கடமைகளுக்கிடையே கணித ஆய்வுக் கட்டுரையொன்று எழுதிப் பல்கலைக்கழகப் போட்டியிற் பாராட்டுப் பெற்றமை இதற்குச் சான்றாகும்.

டென்மார்க்குக் கணிதச் சங்கத்துக் கூட்டங்களுக்கு அவர் தவறாது செல்வார். அங்கே யோகான் யென்சன் என்பாரைச் சந்தித்தார். யென்சன் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர். அவர் பெயரால் வழங்குஞ் சமனிலியைக் கணித மாணவர் இன்றும் பயில்வர். அவர் வாயிலாகக் கம்பனியின் முகாமையாளர் யொஹான்சன் என்பாரின் அறிமுகம் கிடைத்தது. 1908 ஆம் ஆண்டு ஏர்லாங் அக்கம்பனியிற் சேர்ந்து ஆய்வுகூடத்தின் தலைவரானார். தலைவர் என்னும் பெயர் இருந்ததேயன்றித் தொடக்கத்தில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றுவார் எவரும் இலர். நிலத்தடிக் கம்பிகளிற் கசியும் மின்னோட்டத்தை அளத்தற்காக, ஏணி சுமக்கும் தொழிலாளி ஒருவருடன் கொப்பன்ஹேகன் வீதிகளிற் சென்று, குழிகளுள் தாமே இறங்கி அளந்து வந்தார்.

அக்காலத்துத் தொலைபேசிக் கம்பனிகளை வாட்டிய வினா யாதெனின், ஓர் இணைப்பகத்திற்கு எத்தனை வழிகள் வேண்டும் என்பதாம். வழிகள் மிகுந்தாற் பணம் வீணாகும். குறைந்தால் அழைப்பவர் இணைப்புக் கிடையாது திரும்புவர். தபாற்கந்தோரில் ட்ரங்க் கோலுக்குப் பதிந்துவிட்டு மணிக்கணக்காய்க் காத்திருந்த எம் மூத்த பழைய மாணவர்க்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டியதில்லை. எவர் எக்கணத்தில் அழைப்பார் என்பதை ஒருவராலும் முன்னறிய இயலாது. ஒருவர் வைத்தியரை அழைப்பார். மற்றொருவர் கடைக்காரரை அழைப்பார். ஒருவர் செயல் மற்றவரைச் சாராது. இத்தகைய ஒழுங்கின்மையுள்ளும் ஓர் ஒழுங்கு உண்டென்பதை 1909 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஏர்லாங் நிறுவினார். தனித்தனியே எழும் அழைப்புகள் பலவாய்ச் சேருமிடத்து, குறித்த நேரத்தில் அவை எத்தனையாய் வரும் என்பதன் நிகழ்தகவு, பிரெஞ்சு அறிஞர் புவசோன் வகுத்த பரம்பலுக்கு அமைந்து நிற்கும் என்று காட்டினார்.

1917 இல் வெளிவந்த கட்டுரையே அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. அதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். ஓர் ஊரில் மணிக்கு 300 அழைப்புகள் எழுகின்றன. ஒவ்வொன்றும் சராசரி 2 நிமிடம் நீடிக்கின்றது எனக் கொள்க. மொத்தம் 600 நிமிட உரையாடல். ஒரு மணியின் 60 நிமிடத்தால் வகுக்க வருவது 10. இதனையே 10 ஏர்லாங் என்பர். சராசரியை மட்டும் நோக்குவார் 10 வழிகள் போதும் என்பர். ஏர்லாங்கின் சூத்திரமோ, 10 வழிகளே இருப்பின் நூற்றுக்கு 21 பேர் இணைப்பின்றித் திரும்புவர் என்று உரைக்கும். வழிகளைப் 15 ஆக்கினால் நூற்றுக்கு நால்வருக்குச் சற்றுக் குறைவானோர் திரும்புவர். 18 ஆக்கினால் நூற்றுக்கு ஒருவர்கூடத் திரும்பார்.

இன்னுமோர் உண்மையும் இதிலிருந்து பெறப்படும். பத்துச் சிற்றூர்கள், ஒவ்வொன்றும் 1 ஏர்லாங் போக்குவரவு உடையன எனக் கொள்க. ஒவ்வோர் ஊரும் தனக்கெனத் தனியே வழி வைத்துக்கொள்ளின், அதே தரத்துச் சேவைக்கு ஊருக்கு 5 ஆக 50 வழிகள் வேண்டும். பத்தூரும் ஒன்று சேர்ந்து பொதுவில் வைத்துக்கொள்ளின் 18 வழிகளே போதும். ஒற்றுமையின் பயனை அறநூலார் சொல்லக் கேட்டிருக்கிறோம்; ஈண்டுக் கணிதமும் அதனையே கூறுகின்றது.

ஏர்லாங்கின் கணக்கில் யாம் சிறப்பாகப் போற்றுவது பிறிதொன்று. வழியில் ஏறிய அழைப்பை எண்ணுதல் எவர்க்கும் இயலும். கருவியொன்று பொருத்தினால் அதுவே எண்ணிவிடும். வழியில் ஏற இயலாது திரும்பியவரையும் கணக்கிற் சேர்த்தமையே அவர் செய்த பெருஞ்செயல். மக்கள் வேண்டிய போக்குவரவு வேறு, கம்பி சுமந்த போக்குவரவு வேறு என்று அவர் பிரித்துணர்ந்தார். வழிகள் நிரம்பிவிட்டால், சுமந்த அளவு ஏறாமலும் இறங்காமலும் ஒரே நிலையில் நிற்கும். அதனைக் காண்பார் எல்லாம் சீராக நடக்கின்றதென்றே எண்ணுவர். வெளியே நிற்பவர் தொகை அக்கணக்கிற் புலப்படாது. போர்க்காலத்திலே நெடுநாள் தொலைபேசித் தொடர்பு அற்றிருந்த எம் குடாநாட்டார் இதன் உண்மையை நன்கறிவர். அந்நாளில் எமக்கு வர முயன்று வாராதொழிந்த அழைப்புகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வழியே இல்லாதவிடத்துச் சூத்திரம் பயன்படாது. எனினும் வெளியே நிற்பவரை எண்ணாத கணக்கு முழுக்கணக்கன்று என்னும் பாடம் அங்கும் பொருந்தும்.

ஏர்லாங் தம் ஆய்வுகளை முதலிற் டேனிய மொழியிலேயே எழுதினார். அக்காலத்தில் முப்பது இலட்சம் மக்களும் நிரம்பாத நாட்டின் மொழி அது. அமெரிக்க நாட்டுப் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் அவர் கட்டுரைகளை மூலத்திற் படித்தற்பொருட்டே டேனிய மொழியைக் கற்றார் என்பர். பொருள் வலிமையுடையதாயின் சிறுமொழியையும் உலகு தேடி வரும் என்பதைத் தாய்மொழியில் அறிவியல் எழுத அஞ்சுவார் மனங்கொள்ளல் வேண்டும். பிரித்தானியத் தபாற் பகுதியாரும் அவர் சூத்திரத்தை ஏற்றுத் தம் இணைப்பகங்களிற் பயன்படுத்தினர்.

அவர் எழுத்து மிகச் சுருக்கமானது. சிலவிடங்களில் நிறுவலையும் விடுத்து முடிவை மட்டுமே தருவார். மணஞ் செய்தாரல்லர். இரவு நெடுநேரம் பணியில் அமர்ந்திருப்பார். கணிதம், வானியல், பௌதிகம் பற்றிய நூல்களைப் பெருந்தொகையாய்ச் சேர்த்துவைத்திருந்தார். பேச்சிற் சிக்கனமுடையவர், கொடையில் அவ்வாறல்லர். வறியோர் ஆய்வுகூடத்து வாயிலிலேயே வந்து அவரைக் காண்பர்; பிறர் அறியாவண்ணம் அவர்க்கு உதவி அனுப்புவார். ஏறத்தாழ இருபதாண்டுச் சேவையில் நோயின் பொருட்டு ஒருநாளேனும் விடுமுறை பெற்றிலர். 1929 சனவரியில் நோயுற்றுச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு, பெப்ரவரி 3 ஆந் திகதி தமது ஐம்பத்தோராம் வயதிற் காலமானார். 1946 இற் சர்வதேசத் தொலைபேசி ஆலோசனைக் குழுவினர் போக்குவரவின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

இணையம் பரவிய பின்னர் அன்னாரின் கணக்கிற்குச் சோதனை வந்தது. 1993 இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தைச் சார்ந்த லேலண்ட், வில்லிங்கர், வில்சன் என்பாரும் பேராசிரியர் தக்குவும், கணினி வலையமைப்பொன்றை நுண்கருவிகளால் அளந்து, அதன் போக்குவரவு புவசோன் பரம்பலுக்கு அடங்கவில்லை என்று வெளியிட்டனர். தொலைபேசி அழைப்புகள் பலவாய்ச் சேரச் சேர எம் கடனீரேரிபோல் அமைதியுறும். கணினிப் பொதிகளோ பருத்தித்துறைக் கடல் போல்வன. அருகிருந்து நோக்கினும் அலை. அகன்று நின்று நோக்கினும் அலை. ஏர்லாங்கின் சூத்திரத்தை அங்கு அப்படியே இடுதல் பொருந்தாது. எனினும் அதனைக் கண்டறிந்த வழி, ஊகித்தலை விடுத்து அளந்து பார்த்தல் என்னும் ஏர்லாங்கின் வழியேயாம்.

1995 இற் சுவிற்சர்லாந்தவரான தோபியாஸ் ஓட்டிக்கர் எம்.ஆர்.ரி.ஜி. என்னும் கருவிநிரலை ஆக்கி இலவசமாக உலகுக்கு அளித்தார். ரவுட்டர்களின் எண்ணிகளை 5 நிமிடத்திற்கு ஒருமுறை வாசித்துப் படமாக வரைந்து காட்டுவது அது. வலையமைப்பு நடாத்துவார் பலர்க்கு அப்படமே நெடுங்காலம் கண்ணாக விளங்கிற்று. ஆயின் 5 நிமிடச் சராசரி ஒரு நொடியில் எழுந்தடங்கும் நெரிசலை மறைத்துவிடும். ரவுட்டரிற் கடந்து சென்ற பொதிகளை எண்ணும் எண்ணியோடு, கைவிடப்பட்ட பொதிகளை எண்ணும் எண்ணியும் உண்டு. முன்னதை மட்டும் வரைந்து பின்னதை நோக்காது விடுவார் ஏர்லாங்கின் பாடத்திற் பாதியையே கற்றவராவர்.

எரிக்சன் கம்பனியார் 1980களில் இணைப்பகங்களுக்கென ஆக்கிய நிரலாக்க மொழியொன்றும் ஏர்லாங் என்னும் பெயர் தாங்கி, 1998 முதல் யாவர்க்கும் பொதுவாயிற்று. வட்ஸ்அப் சேவையின் வழங்கிகள் அம்மொழியைக் கொண்டே கட்டப்பெற்றன. யாழ்ப்பாணத்துத் தாய் ஹேர்னிங்கிலுள்ள மகனோடு வட்ஸ்அப்பில் உரையாடும்பொழுது, லொன்போர்க்கு ஆசிரியர் மைந்தரின் பெயர் அவ்வுரையாடலின் அடியில் அமைந்து கிடக்கின்றது.

மாணவர்காள், கணிதம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வரலாற்றால் அறிமின். வீதிக் குழியில் இறங்கி அளந்த கையே உலகம் போற்றுஞ் சூத்திரத்தையும் எழுதிற்று. ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. விழாக் காலத்திலே பல்கலைக்கழகம் புகுந்தார் இத்தனைபேர், உயர்பதவி பெற்றார் இத்தனைபேர் என்று எண்ணி மகிழ்தல் இயல்பே. அவ்வெண்ணிக்கையோடு, இடையிற் படிப்பை விட்டார் எத்தனைபேர், வாயில்வரை வந்தும் உட்புக இயலாது திரும்பினார் எத்தனைபேர் என்பதையும் எண்ணிப் பதிதல் வேண்டும். அக்கணக்கைக் கையிற் கொண்டார்க்கே இன்னும் எத்தனை வழிகளைத் திறத்தல் வேண்டும் என்பது புலப்படும்.