கணக்கர் குமரப்பா

பஞ்சமும் பணமுடையும் நாட்டைச் சூழுங்கால், பொருணூல் வல்லார் சொல்லே அவையேறும். உலகச் சந்தையில் தேயிலை விலை வீழுங்கால், நம் நீலகிரிச் சேரங்கோட்டில் கொழுந்து கொய்வாரும் தொலைவிலுள்ளார் வகுக்குங் கணக்கையே எதிர்நோக்கி நிற்க நேர்கின்றது. அவ்வல்லார்க்கு அத்தகைய அதிகாரம் எதனால் தகும்? இவ்வினாவிற்கு ஜே. சி. குமரப்பா அவர்களின் சரித்திரம் தக்க விடையாகுமென்பது நம் கருத்து.

இவர் 1892-ஆம் ஆண்டு தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். இலண்டனிற் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் அதனை நடத்தி வளமுற வாழ்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இந்திய அரசாங்கத்தின் வரவு செலவிற்கும் மக்கள் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929-இல் காந்தியடிகளைக் கண்டபின், அவர் விருப்பப்படி குஜராத்திலுள்ள மாதர் தாலுகாவிற்குச் சென்று, மாணவர் துணையுடன் ஊர் ஊராகக் குடியானவரின் வருவாயையும் கடனையும் நிலவரியையுங் கணக்கெடுத்தார். வரிச்சுமையைப்பற்றி அவர் கூறியதற்கு அக்கணக்கே சான்றாயிற்று.

1934-இல் பீகாரைப் பூகம்பம் அழித்தபோது, துயர்தீர்ப்பு நிதியின் கணக்கு இவர் கையில் ஒப்புவிக்கப்பட்டது. காந்தியடிகளுடன் வந்தாரின் செலவையும் அந்நிதியினின்று கொடுக்க இவர் இசைந்திலர் என்பர். ஏழைகளுக்கென வந்த பொருளைக் காப்பதில் இவர் முகம் பார்த்தவரல்லர்.

இரண்டாம் உலகப்போரில் அரசாங்கம் இந்நாட்டுப் பண்டங்களைப் போருக்கென வாங்கிற்று. அவற்றின் விலை இலண்டனிற் கடனாக வரவு வைக்கப்பட, இங்கே காசுத்தாள்கள் அளவின்றி அச்சிடப்பட்டன. பண்டங் குறைந்து பணம் பெருகவே, விலைகள் ஏறின. 1943-இல் வங்காளத்திற் பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர். பணவீக்கத்தின் இக்கேட்டினை எழுதி வெளியிட்ட குமரப்பா சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையிலும் இவர் எழுதுவதை விட்டாரல்லர். நிலைத்த பொருளாதாரத்தைப்பற்றியும் இயேசுபெருமானின் போதனையைப்பற்றியும் ஆங்குத்தான் நூல்கள் இயற்றினார்.

விடுதலைக்குப்பின் காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி, 1949-இல் உழுவார்க்கே நிலம் உரியதாதல் வேண்டுமென்னுங் கொள்கையை வற்புறுத்தினார். ஆயினும் புதிய ஆட்சியார் பேராலைகளையே பெரிதும் நாட, இவர் மதுரைப்பக்கத்துக் கல்லுப்பட்டியில் எளிய வாழ்வு மேற்கொண்டார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், இவரும் மறைந்தார்.

நெருக்கடியில் நாம் வல்லாரை நாடுதல் இயல்பே. எனினும், துன்புறுவாரின் இல்லஞ் சென்று எண்ணியவரோ, தம் ஏட்டினைப் பிறர் பார்க்க விரித்து வைப்பவரோ, உண்மை கூறுதலால் வரும் இழப்பினை ஏற்பவரோ என்று வினாவிய பின்னரே அவர் சொல்லுக்குத் தலைவணங்குதல் நன்று. குமரப்பாவின் வாழ்வு நமக்குத் தரும் அளவுகோல் இதுவேயாம்.