முதுகில் சுமந்த பிள்ளை



நம் பல்கலைக்கழகத்தின் பெயரை நாள்தோறும் நுழைவாயிலில் பார்க்கிறோம். பார்த்தபடியே உள்ளே போய்விடுகிறோம். புனே பல்கலைக்கழகத்துக்கு 2014-இல் சூட்டப்பெற்ற பெயர் அது. சாவித்திரிபாய் பூலே பெண்கல்விக்குப் பாடுபட்ட அம்மையார் என்ற அளவில்தான் நானும் முதலாண்டு முழுவதும் அறிந்திருந்தேன். நுண்ணுயிரியல் வகுப்பில் பிளேக் கிருமியைப் பற்றிப் படித்தபோதுதான், அந்நோயே அவர் உயிரைக் கொண்டு போயிற்று என்று தெரிய வந்தது.

அவர் 1831 ஜனவரி 3-இல் சதாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது வயதில் மணம். எழுத்தறியாமல் வந்த மனைவிக்குக் கணவர் ஜோதிராவே ஆசிரியரானார். 1848-இல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். வழியில் சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். அம்மையார் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டு போனார். இதெல்லாம் பலரும் எழுதியது, விரைந்து கடக்கிறேன்.

1863-இல் அவர்கள் தொடங்கிய இல்லம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழிக்கு அஞ்சிப் பெற்ற சிசுவைக் கொல்லும் நிலையிலிருந்த விதவைகள் அங்கு வந்து மறைவாகப் பிள்ளை பெறலாம். அவ்வாறு பிறந்த ஒரு குழந்தையைத் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை படித்து மருத்துவரானார். 1890-இல் ஜோதிராவ் மறைந்தபோது கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னே நடந்தவர் சாவித்திரிபாய்தான். அந்தக் காலத்தில்!

1894-இல் ஹாங்காங்கை வாட்டிய பிளேக், 1896-இல் பம்பாயில் தலைகாட்டிப் பின் புனேக்கும் பரவியது. பம்பாயில் நோயாளிகளை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். உள்ளே போனவர் திரும்பார் என்ற வதந்தி பரவ, மில் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையையே தாக்கினார்கள். காய்ச்சல் கண்டவரை வீட்டார் மறைத்தார்கள். மறைக்கப்பட்டவர் குழந்தையானால், அது யாரிடம் போய் முறையிடும்? தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சேரியில் பிறந்த குழந்தையென்றால், திறக்கும் கதவுகள் இன்னும் குறைவு.

2020-இல் நான் பள்ளி மாணவன். ஊரடங்கினால் என் அக்காளின் கைக்குழந்தைக்குப் போடவேண்டிய தடுப்பூசி வாரக்கணக்கில் தள்ளிப்போயிற்று. சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தது, செவிலியரும் இருந்தார். பேருந்துதான் இல்லை, போனால் தொற்றுமோ என்ற பயம் வேறு. கடைசியில் பக்கத்து வீட்டு மாமா தம் மோட்டார் சைக்கிளில் தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். சாவித்திரிபாயின் கடைசி நாட்களைப் படிக்கும்போது அந்த மாமாவின் முகம்தான் என் கண்முன் வந்தது.

1897-இன் தொடக்கத்தில், இராணுவ மருத்துவப் பணியிலிருந்த யஷ்வந்த் வந்து, புனேக்கு வெளியே ஹடப்சர் அருகே திறந்தவெளியில் ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார். வருவோரை எதிர்பார்த்து அம்மையார் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. நோயாளிகளைத் தேடிப்போய் அழைத்து வந்தார். முண்ட்வாவில் மகர் மக்கள் குடியிருப்பில் பாண்டுரங் என்ற சிறுவன் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, போய், அவனை முதுகில் சுமந்து ஹடப்சர் வரை நடந்தார். அப்போது அவருக்கு வயது 66.

பிளேக் கண்டவருக்குத் தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறிகட்டி வீங்கும். காலை ஊன்றினால் உயிர் போகும். அப்படிப்பட்ட பிள்ளையை நட என்று சொல்ல முடியாது. தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று கராச்சியில் சிமோன் கண்டது 1898-இல்தான். நோய் தீர்க்கும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வரவோ இன்னும் ஐம்பது ஆண்டு ஆகவேண்டும். ஹாஃப்கின் 1897 ஜனவரியில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்த ஊசியும் வருமுன் காப்பதற்கானது. அந்த நிலையத்தில் கிடைக்கக்கூடியது படுக்கை, தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள் என்ற அளவுதான். ஆனால் பிளேக் கண்டவர் எல்லாரும் மாள்வதில்லை. பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் சிலர் தப்புவர்.

சிறுவன் தப்பினான். நோய் அம்மையாரைப் பற்றிக்கொண்டது. மார்ச் 10-இல் அவர் இறந்தார். சில நாட்களில் ராண்டின் சிப்பாய்கள் புனேயில் வீடு வீடாகச் சோதனையிடத் தொடங்கினார்கள். ஜூன் 22-இல் ராண்டைச் சுட்டார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் இதை மறப்பதில்லை. அம்மையார் நடந்த நடைக்குத்தான் அவற்றில் இடம் குறைவு.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று முண்ட்வாவிலிருந்து ஹடப்சருக்கு நடந்து பார்த்தேன். வயல்கள் இருந்த இடமெல்லாம் இப்போது கணினி அலுவலகங்கள். என் பையில் இரண்டு புத்தகங்களும் தண்ணீர்ப் புட்டியும்தான். ஹடப்சர் போய்ச் சேருமுன் நான்கு முறை தோள் மாற்றினேன்.